தொட்டியின் மறுபக்கம்

விடியும் முன்பே சாயப்பட்டறையில் ஆவி நிறைந்துவிட்டது. கச்சாப் பட்டு நூலைச் சோப்பிலும் சோடாவிலும் வேகவைத்தால் செத்த பூச்சியின் நாற்றம் எழும். பிள்ளையார்பாளையத்துப் பட்டறைக்காரர்களின் தலைமுடியை விட்டு அது ஞாயிற்றுக்கிழமைகூடப் போவதில்லை. ஜோதிகா அரக்குச் சாயத்தில் நனைந்த நூல்கற்றையை முளையில் மாட்டி, மறுமுனையில் கம்பைச் செருகி முறுக்கினாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தது.

பிழிந்த கற்றையை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எங்கும் திட்டு இல்லை. 'ஆண்டவரே, இது உமக்கு' என்று வாய்க்குள் சொன்னாள். அவளுடைய ஜெபம் பெரும்பாலும் அவ்வளவுதான். கூடவே ஒரு வரி உண்டு: 'என்னை மாஸ்டராக்கும்.' பழைய கலர் மாஸ்டர் ஆரணிக்குப் போனதிலிருந்து சாயம் கலப்பது அவள்தான். பெயர் மட்டும் இல்லை. அதைக் கேட்க அவளுக்கு வெட்கமும் இல்லை. தச்சுப்பட்டறையில் கை காய்த்துப்போன இயேசுவிடம் வேலையில் உயரவேண்டும் என்று கேட்காமல், வேறு யாரிடம் கேட்பது?

அன்று அந்த இரண்டாவது வரி வரவில்லை. மூலையில் பெரிய தொட்டி நின்றது. அதன் இரும்புத் தாங்கியில் ஒரு கால் இல்லாத இடத்தில் செங்கற்களை அடுக்கியிருந்தார்கள்.

பெரிய தொட்டியில் ஒற்றை ஆளாகப் பட்டுப் புரட்ட முடியாது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நூல்கற்றைகள் தொங்கும் கம்பின் இரு முனைகளையும் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கவேண்டும், ஒரே நேரத்தில் திருப்பவேண்டும். முந்தாநாள் இந்தப் பக்கம் ஜோதிகா நின்றாள், அந்தப் பக்கம் கூட வேலை செய்யும் குமரகுரு. துருவேறிய கால் முறிந்து தொட்டி அவன் பக்கம் சாய்ந்தது. கொதிநீர் இடுப்பிலிருந்து பாதம்வரை அவன்மேல் இறங்கியது. அந்தக் காலைப் பற்றிப் பட்டறையில் மூத்தவளான கங்கையம்மாள் மாசக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தாள். "முகூர்த்த சீசன் முடியட்டும்மா" என்பதே முதலாளியின் பதில்.

முதலாளி ஜெபகுமார் சபையில் மூப்பர். பெரிய தொட்டிக்கு அடுப்பு மூட்டும் முன் தினமும் பட்டறையில் ஜெபம் செய்வார். கங்கையம்மாளும் விறகு போடும் அயாஸும்கூடக் கைகட்டி நிற்கவேண்டும். இன்றும் கண்ணை மூடிக்கொண்டு, இருப்பதில் திருப்தி தரும்படி உருக்கமாக வேண்டினார். பிறகு ஜோதிகாவைக் கிட்டே அழைத்தார்.

"மாஸ்டர் வேலை உனக்குத்தான்மா. முடிவு பண்ணிட்டேன்."

அவள் நெஞ்சு துள்ளியது. பொய் சொல்வானேன், துள்ளத்தான் செய்தது.

"இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு லேபர் ஆபீசர் வராரு. குமரகுரு கம்பைக் கைநழுவ விட்டான், அதுலதான் தொட்டி சாஞ்சிச்சுன்னு சொல்லிடு. எதிர்ல நின்னவ நீ. நீ சொன்னாத்தான் எடுபடும்."

"அண்ணன் விடலியே, ஐயா."

"கர்த்தர் ஒரு வழி காட்டும்போது கேள்வி கேக்கக் கூடாதும்மா."

"கர்த்தரை இதுல இழுக்காதீங்க!"

குரல் அவளே எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. அயாஸ் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தியா? ஆசை அதிகமானா இப்படித்தான் வாய் நீளும்" என்றார் ஜெபகுமார்.

"போன ஞாயித்துக்கெழமை சபையில இன்னா பேசுனீங்க? கர்த்தர் குடுத்த தெறமையை, தாலந்தைப் புதைச்சு வெக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்துனீங்களே. பட்டறைக்குள்ள வந்தா மட்டும் புதைச்சிடணுமா? ஆமாங்கய்யா, எனக்கு ஆசை இருக்குது. மாஸ்டர் ஆவணும். அதுக்காவ அண்ணனோட வெந்த தொடை மேல கால வெச்சு ஏற மாட்டேன்."

"போதும். போய் அடுப்பை மூட்டு. செங்கல் தாங்கும்."

கங்கையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தாங்கும்னா நீங்க வாங்க மொதலாளி. குமரகுரு நின்ன எடத்துல நில்லுங்க. இந்தப் பக்கம் நான் நிக்கறேன். ஒரே ஒரு கம்பு பொரட்டலாம்."

ஜெபகுமார் தொட்டியைப் பார்த்தார். செங்கற்களைப் பார்த்தார். அவர் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது.

அந்த ஓர் அடியை மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள்.

அயாஸ் கையிலிருந்த விறகைக் கீழே போட்டான். "நான் பத்த வெக்க மாட்டேன் சார்."

"தங்கச்சி கல்யாணத்தை வெச்சிக்கினு உனக்கு எதுக்குடா இந்தத் திமிரு? வெளியில ஆளா கெடைக்காது?"

அயாஸ் விறகை எடுக்கக் குனியவில்லை. "தேடிப் பாருங்க. இந்தச் செங்கல் கதையை ஒவ்வொரு பட்டறையிலயும் சொல்லிக்கினுதான் போவோம்."

சொன்னபடியே சொல்லிக்கொண்டு போனார்கள். சில பட்டறைகளில் காது கொடுத்தார்கள். சில இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெருமுனைப் பட்டறையிலிருந்து மட்டும் ஒருத்தி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போக அவர்களோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

"மாஸ்டர் வேலை போச்சே ஜோதி" என்றாள் கங்கையம்மாள்.

"எங்கக்கா போவுது? கேட்டுக்கினேதான் இருப்பேன்."

"யாரை? உங்க சாமியையா, மொதலாளியையா?"

"ரெண்டு பேரையும்."

ஆட்டோ குலுங்கியதில் நான்கு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் குமரகுருவின் மனைவி துர்காதேவி பெஞ்சில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். ஆபீசர் இன்னும் வரவில்லை. இவர்களைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"மொதலாளி அனுப்பிச்சாரா? அவர் மேல தப்பில்லன்னு சொல்ல வந்துக்கிறீங்களா?"

"இல்லக்கா" என்றாள் ஜோதிகா. "அடுப்பு மூட்டாம வந்துட்டோம். இன்னா நடந்துச்சோ அதைச் சொல்லப் போறோம். எல்லாரும்."

துர்காதேவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள். ஐந்து பேருக்கு அந்தப் பெஞ்சு போதவில்லை. அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். சற்றுப் பொறுத்து, அவளும் பெஞ்சை விட்டு இறங்கி அவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.