பங்கு கட்டாத ஐந்து வருஷம்

கண்டக்டர் என்று சொன்னால்தான் தொகுதியில் அவரைத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி சட்டமன்ற உறுப்பினராகிப் பத்து வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை. மேடையில் பேசும்போது இன்றைக்கும் அவருடைய இடது கை மேலே எழுந்து இல்லாத கம்பியைத் தேடும். கூட்டம் அதைப் பார்த்துச் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை நிதிக் குழுவில் ஓட்டு. ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்தை மூன்று வருஷத்துக்கு ஏற்றாமல் அப்படியே நிறுத்திவைப்பது, மிச்சமாகும் பணத்தில் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் காலியாகக் கிடக்கும் இடங்களுக்கு ஆள் எடுப்பது. இதுதான் தீர்மானம். குழுவில் ஏழு பேர். மூன்று பேர் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். ஏழாவது ஆள் கண்டக்டர்.

அக்கா அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் நர்ஸாக நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. ஓய்வூதியத்தில்தான் வீட்டு வாடகை, மருந்து, மின்சாரம் எல்லாம். அவளுடைய ஒரே மகளும் நர்ஸ்தான். அரசுத் தேர்வில் தேறி இரண்டு வருஷமாக வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தாள். அதுவரை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பாதிச் சம்பளத்துக்கு இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி தம்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கையைத் தூக்கப் போறியா, மடக்கிக்கப் போறியா?"

"இன்னும் முடிவு பண்ணலைக்கா."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? நான் யார்கிட்டயும் இனாம் கேக்கலை. சம்பளத்துல மாசா மாசம் பிடிச்சாங்க. ஒரு மாசம்கூட விடலை."

துணி மடித்துக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "பிடிச்சது உண்மைதான்மா. ஆனா அது அங்க இல்லையே. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"எங்கடி போச்சு? நான் வச்ச பணத்தை யாரு எடுத்தா?"

"அதை எடுத்தவங்ககிட்ட கேளு. எங்க வார்டுல நாப்பது பேருக்கு நான் ஒருத்தி. உனக்கு விலைவாசிக்கு ஏத்தமாதிரி ஏத்திக் குடுத்தா எனக்கு உத்தரவு வராது. கணக்கு அப்படித்தான் இருக்குன்னு அவங்களே சொல்றாங்க."

"அப்ப என் வாயைக் கட்டி உன் வயித்தை நிரப்பணும்னு சொல்றே."

"நான் அப்படிச் சொல்லலைம்மா."

மகள் எழுந்தாள். மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா அந்தத் துணியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தம்பியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நீ சங்கத்துல இருந்தவன்தானே. உனக்குத் தெரியாம இருக்குமா? அந்தப் பணம் என்னதான்டா ஆச்சு?"

கண்டக்டர் தண்ணீர் வேண்டும் என்று எழுந்து போனார்.

அவருக்குத் தெரியும். பதினாறு வருஷத்துக்கு முன்னால், பஸ் தொழிலாளர் முதல் நர்ஸ்கள் வரை அரசு ஊழியர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்புக்கு அவர் தலைவர். பதினோரு நாள் வேலைநிறுத்தம். பன்னிரண்டாம் நாள் அரசு இறங்கி வந்து, கேட்ட சம்பள உயர்வை அப்படியே தருவதாகச் சொன்னது. பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டது. ஓய்வூதிய நிதியில் அரசு போட வேண்டிய பங்கை ஐந்து வருஷத்துக்குப் போடாமல் இருக்கும். சங்கங்கள் ஆட்சேபிக்கக் கூடாது. நல்ல காலம் வந்ததும் வட்டியோடு கட்டிவிடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த ஒரு வரியை வெளியே யாருக்கும் வாசித்துக் காட்டாமல் கண்டக்டர் கையெழுத்துப் போட்டார். சம்பளம் ஏறிவிட்டது என்ற செய்தி மட்டும் வெளியே போனது. அன்றைக்கு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பணிமனையை மூன்று சுற்று சுற்றினார்கள். அந்தத் தோள்கள்தான் பிறகு அவரைச் சட்டமன்றம் வரைக்கும் கொண்டுபோய் விட்டன. நல்ல காலம் வரவில்லை. வந்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை நிதிச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். குரலை உயர்த்தவே தெரியாத பெண்மணி. மேஜையில் ஒரு கோப்பு மட்டும் இருந்தது.

"ஓய்வூதிய நிதியில நூறு இருக்க வேண்டிய இடத்துல நாப்பத்தொண்ணுதான் இருக்கு சார். இப்படியே போனா ஆறு வருஷம் தாங்கும். அப்புறம் ஏத்துறதா நிறுத்துறதான்னு பேச்சே இருக்காது, குடுக்கவே பணம் இருக்காது."

"ஏழை பாழைங்க மேடம். கீழ்மட்டத்துல வாங்குறவங்களையாவது விட்டுடலாமே?"

"குழுவுல கேட்டுப் பாருங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை."

பிறகு செயலாளர் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து கண்டக்டர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பழைய ஒப்பந்தத்தின் நகல். கீழே அவருடைய கையெழுத்து, இளமையின் திமிரோடு பெரிதாக, கோடிழுத்து.

"பழைய காகிதமெல்லாம் தேடறப்போ கிடைச்சுது. நாளைக்குத் தீர்மானம் தோத்துட்டா, நிதி ஏன் இப்படி ஆச்சுன்னு சபையில கேப்பாங்க. அப்போ இதையும் வைக்க வேண்டி வரும். உங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும்னுதான்."

மிரட்டலா என்று கேட்க முடியாத அளவுக்கு மரியாதையாக இருந்தது அந்தப் பேச்சு. கண்டக்டர், டிக்கெட் கிழித்த பழக்கத்தில், கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அடுத்த பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. குறைந்த ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று கண்டக்டர் ஒரு திருத்தம் சொன்னார். வேண்டும் என்ற மூன்று பேர், மிச்சம் குறைந்துவிடும் என்று மறுத்தார்கள். கூடாது என்ற மூன்று பேரும் மறுத்தார்கள். பாதிக்குச் சம்மதித்தால் மீதிக்கும் சம்மதித்த மாதிரி ஆகிவிடுமாம். திருத்தத்துக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அவருடையது. அடுத்து தீர்மானம். கண்டக்டரின் கை எழுந்தது. இந்தத் தடவை அது கம்பியைத் தேடவில்லை.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தவர், அக்கா மகளுக்காகத்தான் தூக்கினேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அந்தத் தாளுக்குப் பயந்துதான் என்று தோன்றியது. எது உண்மை என்று அவரால் பிரிக்க முடியவில்லை. அதுதான் அவரை அதிகமாக அரித்தது. அக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்து நின்றது. அதற்குப் பிறகு நாலு மாசம் அவள் எடுக்கவே இல்லை.

மகள்தான் ஒருநாள் கூப்பிட்டாள். "மாமா, உத்தரவு வந்துடுச்சு. நேர்ல வாங்க." குரலில் சந்தோஷம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

போனபோது அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உத்தரவைக் கையில் வைத்திருந்தாள். தாளை நீட்டினாள். ஒப்பந்த அடிப்படையில் மூன்று ஆண்டுகள். பிறகு அரசு விரும்பினால் நீட்டிக்கலாம். பிடித்தம் இல்லை, ஓய்வூதியம் இல்லை.

"ரெண்டு தடவை படிச்சேன். எங்கயாவது ஒரு ஓரத்துல ஓய்வூதியம்னு எழுதியிருப்பாங்களோன்னு திருப்பியும் பார்த்தேன்," என்றாள் அக்கா. நாலு மாசத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"ஓட்டுப் போடறப்போ இது ஒப்பந்த வேலைன்னு யாரும் சொல்லலைக்கா."

"நீ கேட்டியா?"

அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் மனசெல்லாம் வேறொரு தாளில் இருந்தது.

"பரவாயில்லை மாமா," என்றாள் மகள். "போய்ச் சேர்ந்துடறேன். ஒண்ணுமே இல்லாததுக்கு இது. வயசானப்புறம் என்ன பண்றதுன்னு இப்பவே யோசிச்சா பைத்தியம் பிடிச்சுடும்."

அவளுக்கு இருபத்தாறு வயது.

அடுத்த வாரம், ஏற வேண்டிய ஓய்வூதியம் ஏறாமல் போனதைக் கண்டித்து, ஓய்வூதியக்காரர்கள் நூறு பேருக்கு மேல் கண்டக்டரின் அலுவலகத்து வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். காலை பத்து மணி, நல்ல வெயில். அவர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். ஒரு காலத்தில் அவரைத் தோளில் தூக்கியவர்களில் சிலர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில், தரையில் உட்கார முடியாத முழங்காலுக்காக யாரோ கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில், அக்கா.

பின்வாசல் வழியாகப் போய்விடலாம், வண்டி தயாராக இருக்கிறது என்றார் உதவியாளர். கண்டக்டர் முன்வாசல் வழியாகவே இறங்கினார். கோஷம் பலத்தது. அவர் கையைக் கூப்பிக்கொண்டு அது அடங்கும்வரை நின்றார். அடங்கியதும், நாலு மாசத்துக்கு முந்தைய அந்த ஓட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல், பதினாறு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் நாள் என்ன நடந்தது என்று ஆரம்பித்தார்.

"அந்த ஒரு வரியை நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டலை," என்றார். "தெரிஞ்சேதான் காட்டலை."

கூட்டம் முதலில் புரியாமல் விழித்தது. பிறகு முணுமுணுப்பு பரவியது. முன்வரிசையில் ஒரு பழைய டிரைவர் எழுந்து, "இப்ப வந்து சொல்றியே, இதனால எங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்றார். ஒருவர் காறித் துப்பிவிட்டு எழுந்து நடந்தார். அவர் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். உதவியாளர் கண்டக்டரின் முழங்கையைப் பிடித்து, போதும், உள்ளே வாங்க என்று இழுத்தார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள்.

"அவனை விடுங்க. பாதியில நிறுத்தாதீங்க. மிச்சத்தையும் சொல்லட்டும்."

அவள் முகத்தில் கோபம் குறைந்த மாதிரி இல்லை. கண்டக்டர் உதவியாளரின் கையை விலக்கிவிட்டு, அந்தச் சம்பள உயர்வால் தனக்குச் சட்டமன்ற நாற்காலி கிடைத்ததையும், ஓட்டுக்கு முதல் நாள் தனக்குக் காட்டப்பட்ட தாளைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார்.