வாணியின் இலை

...இந்த நூற்றாண்டின் கடைசிவரை தெரிகிறது, இந்தச் சாப்பாட்டின் கடைசியில் என்ன நடக்கும் என்றுதான் தெரியவில்லை, என்று நினைத்தபடி முகுந்தன் ரசத்தைப் பிசைந்தான். எதிரே வாணி. தனியாக ஒரு தடவை பேசிப் பார்க்கட்டும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள், சாப்பிட்டு முடித்ததும் பதில் சொல்வதாக அவள் உட்காரும்போதே சொல்லிவிட்டாள். அவன் வேலையே உலகத்தைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு முன்னால் ஓட்டிப் பார்ப்பதுதான், மக்கள்தொகை, உணவு, புகை, எண்ணெய், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும், எல்லாம் வளைந்த கோடுகளாக வரும், அந்தக் கோடுகளை நம்பிப் பெரிய பெரிய ஆட்கள் கூட்டம் போடுகிறார்கள். வாணி மறுபடி சோறு வாங்கிக்கொண்டாள். நல்ல அறிகுறியா? தலைக்கு உணவு கூடினால் பிறப்பு விகிதம் குறையும்... சே, என்ன நினைப்பு இது, முதலில் கல்யாணம் ஆகட்டும்.

காலையில் கிள்ளான் வீட்டில் அம்மா சொன்னது வேறு மண்டைக்குள் சுற்றியது, பொண்ணு வாயைப் பாக்காதடா, இலையைப் பாரு, தன் பக்கமா மடிச்சா பிடிச்சிருக்கு, எதிர்ப்பக்கமா மடிச்சா எழவு வீட்டுச் சாப்பாடு, திரும்ப வர வேணாம்னு அர்த்தம். ஆதாரமில்லாத பேச்சு என்று சிரித்தவன்தான், இப்போது கண்ணை அவள் இலையிலிருந்து எடுக்க முடியவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. அவள் கடைசி அப்பளத்தை நொறுக்கினாள், கை இலை ஓரத்துக்குப் போகிறது... பிடித்திருந்தால் அவள் பக்கமாக, அதாவது இங்கிருந்து பார்த்தால் இந்த விளிம்பு தூக்கி, அப்படியே அந்தப் பக்கம் போக வேண்டும், இப்படி, ஆமாம், இப்படித்தான்...

வாணியின் கை நின்றது. அவள் பார்வை அவன் முன்னால் பதிந்திருந்தது.

"பிடிக்கலன்னா நேராவே சொல்லலாம்லா. இலைகிட்ட எதுக்குச் சொல்லணும்?"

கை கழுவ எழுந்து போய்விட்டாள். முகுந்தன் குனிந்தான். அவனுடைய இலை, அழகாக, வெளிப்பக்கமாக மடிந்து கிடந்தது. ஐயோ, கணக்குப் போட்ட கை தன் இலையிலேயே செய்து பார்த்துவிட்டதே... அப்படியானால் இவ்வளவு நேரம் அவளும் என் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா? காஜாங்கில் அவள் வீட்டிலும் ஓர் அம்மா இருப்பார் என்பது எப்படித் தோன்றாமல் போயிற்று? இவளை இழக்க அவனுக்கு மனமில்லை, அது இப்போதுதான் தெரிகிறது. அவசரமாக இலையைப் பிரித்தான். பிரித்த இலையைக் கண்டால் பரிமாறுகிறவர் சும்மா இருப்பாரா, சோற்று வாளியோடு வந்து நின்றார்.

"சோறா, பாஸ்?"

கழுத்துவரை நிறைந்திருந்தது. ஆனால் ஒழுங்காக மடித்துக்காட்ட வேண்டுமானால் முதலில் சாப்பிட வேண்டுமே.

"போடுங்க அண்ணே."

வாயில் திணித்துக்கொண்டே எதிரே பார்த்தான். வாணியின் இலை மடிக்காமல் கிடந்தது, அவள் தொட்டு விட்ட ஒரு விளிம்பு மட்டும் லேசாகத் தூக்கியிருந்தது... எந்த விளிம்பு? அவன் பக்கத்து விளிம்பு. அப்படியென்றால் அவள் தன் பக்கமாகத்தான்... கை கழுவும் இடத்தில் குழாய்ச் சத்தம் நின்றது, முகுந்தன் இன்னும் வேகமாக மென்றான்.