பதினேழாவது கோப்பு

தக் மின்-ஹா எழுதிய அந்தச் சின்ன நிரல் ஒரே மதியத்தில் பதினேழு பேரைக் காட்டிக்கொடுத்தது. பூசான் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கல்லூரியில், சமூகநலத் துறையின் உதவியாளர் அவள். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கெடு நாளில் அறிக்கையை எழுதி முடிக்காதவர்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு படத்தை எடுத்து, கோப்புப் பெயரின் வாலில் இருக்கும் ஜேபிஜியை அழித்துவிட்டு, கொரியாவில் எல்லா அலுவலகமும் கேட்கும் ஆவணக் கோப்பின் வாலான ஹெச்.டபிள்யூ.பி என்று எழுதி ஏற்றிவிடுவார்கள். கல்லூரித் தளம் வாலைத்தான் பார்க்கும். கோப்போடு 'இது இன்ன வகை' என்று ஒரு சீட்டும் போகும், மைம் வகை என்று அதற்குப் பெயர். அந்தச் சீட்டையும் உலாவி வாலைப் பார்த்துத்தான் எழுதுகிறது. ஆக, இரண்டு சாட்சியும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். பேராசிரியர் திறந்தால் கோப்பு திறக்காது. "ஐயோ சார், கெட்டுப்போச்சு போல, திரும்ப அனுப்பறேன்" என்று மூன்று நாள் இழுத்துவிடலாம்.

மின்-ஹாவின் நிரல் வாலையும் நம்பவில்லை, சீட்டையும் நம்பவில்லை. கோப்புக்குள் போய் அதன் தொடக்கத்தைப் படித்தது. படமென்றால் படத்தின் முத்திரை அங்கே இருக்கும், பேரை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் கிம்ச்சி ஊறுகாய் இருக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, மூடியைப் பார்த்து ஏமாறக் கூடாதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பலே மின்-ஹா! இனிமே ஒருத்தனும் இங்க வாலாட்ட முடியாது" என்றார் பேராசிரியர் பியோ. தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினால் பாதி மதிப்பெண், மறுத்தால் ஒழுங்குக் குழு என்று அறிவித்தார்.

பதினாறு பேர் வாழைப்பழப் பாலும் காபியுமாக வந்து, இடுப்பு ஒடியக் குனிந்து, கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூச்சமே இல்லாத பிள்ளைகள். ஒருவன் தன் நாயின் படத்தை அனுப்பியிருந்தான், அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

பதினேழாவது ஆள் மா போக்-ஹி. ஐம்பத்து மூன்று வயது. காலையில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை, மதியம் வகுப்பு. கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இது கடைசிப் பருவம். முதியோர் இல்லத்தில் செய்த பயிற்சி பற்றிய இந்த அறிக்கை தேறினால்தான் பட்டமும் சான்றிதழும். அந்த இல்லமே மார்ச் மாதம் வேலைக்கு வரச் சொல்லியிருந்தது.

"நான் அனுப்பிச்சேனே மேடம். வந்து சேர்ந்துச்சுன்னு பச்சையில காட்டுச்சே" என்றாள்.

"வந்தது அறிக்கை இல்ல, படம். நீங்கதானே பேரோட வாலை மாத்தினீங்க?"

"ஆமா, நான்தான் மாத்தினேன். மொதல்ல வாங்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. ஹெச்.டபிள்யூ.பி மட்டும்தான்னு சொல்லுச்சு. சரி, அதுக்கு அந்தப் பேருதான் வேணும் போலன்னு எழுதினேன். உடனே வாங்கிக்கிச்சு."

"மாத்தினேன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்ன?"

"மாத்தினா என்ன மேடம்? உள்ள எல்லாம் இருக்குதே. பெருசு பண்ணிப் பாருங்க, தெரியும்."

வாசலில் வேறு வேலையாக இன்னும் நாலு பேர் நின்றார்கள். மின்-ஹாவுக்கு எரிச்சல் மண்டியது. வயதில் பெரியவள், சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கும் நேர்மைகூட இல்லையே என்று நினைத்தாள். 'பெயரை மாற்றியதை மாணவியே ஒப்புக்கொண்டார். தவறை ஏற்க மறுத்தார்' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். போக்-ஹி அதைப் பார்த்துவிட்டு, ஏதோ அலுவலக வழக்கம் என்று எண்ணி, குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் குழு கூட இருந்தது. அன்று காலையில் பேராசிரியர் எட்டிப் பார்த்து, "அந்தம்மா என்ன படம்தான் அனுப்பிச்சாங்க? அதையும் அச்சடிச்சு வை, குழு பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மின்-ஹா வாலை ஜேபிஜி என்று திருப்பி வைத்துத் திறந்தாள். இத்தனை நாளில் அதைத் திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பெரிய சாப்பாட்டுக் கூடத்தின் தரை. அதில் வரிசை வரிசையாகக் கையால் எழுதிய தாள்கள், எண்ணினால் இருபத்திரண்டு. பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு எவர்சில்வர் கரண்டி. போக்-ஹி நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்திருக்கிறாள், கீழோரத்தில் அவள் காலுறையின் நுனி தெரிந்தது. தளம் ஒரு கோப்புதான் வாங்கும், அதனால் மொத்த அறிக்கையையும் ஒரே படத்தில் அடக்கியிருக்கிறாள்.

மின்-ஹா பெரிதாக்கினாள். எழுத்து பொடியாக இருந்தாலும் படிக்க முடிந்தது. குளிப்பாட்ட வந்தவளைக் கடித்த ஒரு முதியவரைப் பற்றி எழுதியிருந்தாள்: 'எட்டாம் நாள்தான் புரிந்தது, வெந்நீர் அவருக்குச் சுடுகிறது. அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.' மின்-ஹாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பார்க்கச் சொன்னாளே, வாய்விட்டுச் சொன்னாளே!

அச்செடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள். அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்துப் பிரதி செல்லாதும்மா. விதின்னா விதி."

"சார், இவங்க ஏமாத்தல. நான் தப்பா எழுதிட்டேன்."

"உன் நிரலைப் பத்தி மத்த துறைகளுக்கும் சொல்லியாச்சு. இப்பப் போய் அது தப்புன்னு நிக்கப் போறியா?"

"நிரல் தப்பில்ல சார். நான்தான்."

"யோசிச்சுப் பேசு" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

குழு அறையில் போக்-ஹி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். நல்ல உடுப்பு, கையில் ஒரு தாள். தலைவர் கேட்பதற்கு முன்பே படிக்கத் தொடங்கினாள். "நான் அறிக்கை எழுதவில்லை. காலம் கடத்துவதற்காக ஏதோ ஒரு படத்தை அறிக்கை என்று அனுப்பினேன். என்னை மன்னிக்க வேண்டும்." கடைசி வரி வரை படித்தாள்.

பேராசிரியர் முகத்தில் நிம்மதி. தலைவர் பேனாவை எடுத்தார். "ஒப்புக்கிட்டாங்க. பாதி மதிப்பெண்ணுக்குப் பரிந்துரை பண்ணலாம். தேறிடுவாங்கதானே?"

"தேறிடுவாங்க" என்றார் பேராசிரியர்.

மின்-ஹா எழுந்தாள். "அந்தக் கடிதம் பொய்."

போக்-ஹி சட்டென்று திரும்பினாள். "சும்மா இருங்க மேடம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "பசங்கதான் வழி சொன்னாங்க. ஒப்புக்கிட்டா விட்டுடுவாங்களாம். கெடுத்துடாதீங்க."

கெடுத்தால் என்ன ஆகும் என்று மின்-ஹாவுக்குத் தெரியும். பேசாமல் உட்கார்ந்தால் இவளுக்குச் சான்றிதழ் கிடைக்கும், அதோடு ஏமாற்றுக்காரி என்ற குறிப்பும் சேர்ந்தே கிடைக்கும். பேசினால் விதியைக் காட்டிப் பட்டம், சான்றிதழ் இரண்டையும் பிடுங்கினாலும் பிடுங்குவார்கள். ஆனால் இருபத்திரண்டு பக்கம் எழுதியவள் வாயாலேயே 'எழுதவில்லை' என்று சொல்ல வைத்திருக்கிறோமே என்று நினைத்தாள். அச்சுத் தாளைத் தலைவர் முன் வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தாளை நெடுநேரம் பார்த்தார். முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தார்.

தாழ்வாரத்தில் போக்-ஹி நன்றி சொல்லவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"அறிக்கை எழுதறப்ப எனக்குக் கை வலிக்கவே இல்ல. இந்த ஒத்தத் தாளை அஞ்சு தடவ கிழிச்சு கிழிச்சு எழுதினேன் மேடம்."

"என் தப்பு. எல்லாம் என் தப்பு."

"அத விடுங்க." போக்-ஹி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "திங்கக்கெழம என்னவோ ஆகட்டும். நீங்க படிச்சீங்கதானே? கடைசிப் பக்கம் எப்படி இருந்துச்சு?"

மின்-ஹா ஆறாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தாள்.