நாலாம் படியில் நிற்க வேண்டியவள்

எங்கள் ஊர் மலைக்கோயிலில் என்னைக் கண்டால் சுற்றுலாக்காரர்கள் கேமராவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. என் வாய் அப்படி.

"ஏங்க, நடுவுல நிக்காதீங்க. அது சாமி நடக்கிற வழி."

"தெரியலைங்க."

"தெரியலைன்னா ஓரமா நில்லுங்க. தெரிஞ்சவங்க எல்லாம் அங்கதான் நிக்கிறாங்க."

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோயிலில் படம் எடுக்கிறேன். பெயர் குரோசே. கீழே துறைமுகச் சாலையில் சின்ன ஸ்டுடியோ. தோரி என்கிற சிவப்பு மர வாசலுக்கு முன்னால் குனிந்து வணங்காமல் நான் உள்ளே கால் வைத்ததில்லை. கையும் வாயும் கழுவாமல் கேமராப் பையைத் திறந்ததில்லை. உள் சன்னதிக் கதவு திறந்திருந்தால் லென்ஸைத் தரையைப் பார்க்கத் திருப்பிவிடுவேன். பெரிய பூசாரி ஒகிதா ஐயா வெளியூர்க்காரர்களிடம், "எப்படி எடுக்கணும்னு அந்தம்மாவைப் பாத்துக் கத்துக்குங்க" என்று கை காட்டுவார். அதில் எனக்குக் கர்வம் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் கெடுத்தது அந்தக் கர்வம்தான்.

செப்டம்பர் இருபதாம் தேதி என் அப்பா இறந்தார். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது வடக்கே ஹொக்கைடோ தீவுக்கு வேறொருத்தியோடு போனவர். அதற்குப் பிறகு ஒரு பிறந்தநாளுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, போய் எலும்பைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அழுகை வரவில்லை. அழுகை வராவிட்டால் என்ன, தீட்டு வந்துவிடுமே. வீட்டுச் சாமி மாடத்தை வெள்ளைத்தாள் ஒட்டி மூடினேன். ஐம்பது நாள் தோரி வாசலைத் தாண்டக் கூடாது. உயிரோடு இருந்தபோது என் வீட்டுப் படி ஏறாத மனிதர், செத்த பிறகு ஐம்பது நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினேழாம் நாள் சினாட்சு வந்தாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்ப்பவள், முப்பத்து நான்கு வயது, கணவன் கப்பலில். அவள் மகள் மியோரியை மூன்று வயதுச் சடங்கில் நான்தான் படம் எடுத்தேன். சன்னதிப் படிக்கட்டில் மூன்று வயதுக்காரிகளை இரண்டாம் படியில் நிறுத்துவேன், ஏழு வயதுக்காரிகளை நாலாம் படியில். ஏழு வயதுவரை பிள்ளை சாமிக்குச் சொந்தம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஏழில் நல்ல உடுப்பு உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஆயிரம் வருஷ மிட்டாய் என்கிற நீளமான குச்சி மிட்டாயைக் கையில் கொடுத்து, கும்பிட்டுவிட்டு வந்தால் அதற்குப் பிறகு அது நம் பிள்ளை. மியோரிக்கு இந்த வருடம் ஏழு.

"அக்கா, நவம்பர் பதினஞ்சு சடங்கு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த மாசமே எடுத்துரலாமா?" என்றாள் சினாட்சு.

"என்ன அவசரம்? மிட்டாயே இன்னும் கடைக்கு வரலையே."

"டாக்டர் சொன்னாரு. நல்லது பொல்லது இருந்தா முன்னாடியே வச்சுக்கச் சொன்னாரு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்த மாதிரிச் செய்தியைச் சொல்கிறவர்கள் இங்கே சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள், கேட்கிறவருக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று. மியோரிக்கு ரத்தத்தில் நோய் என்பது ஊருக்கே தெரியும். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்று என்னால் சொல்ல முடியாது.

அப்பா செத்ததைச் சொன்னேன். சினாட்சு பதறி எழுந்து குனிந்தாள்.

"ஐயோ, தெரியாம வந்து கேட்டுட்டேனே. மன்னிச்சிருங்கக்கா."

"உக்காரு. அவருக்காக நானே இவ்வளவு குனியல."

"அப்ப... பக்கத்து ஊர் போட்டோக்காரர் மாகிகிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?"

எனக்குச் சுருக்கென்றது. மாகிக்கு நாற்பது வயது. போன வருடம் நடுப்பாதையில் குத்தவைத்து உட்கார்ந்து சன்னதிக் கதவுக்குள் படம் எடுத்தவன். பூசாரி கண்டித்ததற்கு, "ஃப்ளாஷ் போடலையே" என்றவன்.

"அவனையா?" என்றேன். "பிள்ளைக்கு நல்லது நடக்கணும்னு போற இடம். அவனைக் கூட்டிட்டுப் போயி சாமி மூஞ்சியில காலை நீட்டப் போறியா?"

நான் காலண்டர் தாளைத் திருப்பினேன்.

"நவம்பர் ஒம்பது எனக்கு அம்பத்தோராம் நாள். காலையில முதல் ஆளா எடுத்துத் தர்றேன். ஒரு மாசம்தானே?"

"ஒம்பதாம் தேதி..." என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "சரிக்கா. உங்க கையாலதான் எடுக்கணும்னு அவளுக்கும் ஆசை."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு மனம் குளிர்ந்தது. குளிர்ந்தது என்பதை எழுதும்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அக்டோபர் கடைசியில் மியோரியைச் சக்கர நாற்காலியில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தாள். தலையில் கம்பளித் தொப்பி. உயரம் அளந்து வைத்துக்கொண்டால் அன்றைக்குக் குழந்தையை நிற்கவைத்துச் சோதிக்க வேண்டாம், எடுத்தோம் முடித்தோம் என்று அனுப்பிவிடலாம். சுவரில் சாய்த்து அளந்தேன். நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

"அத்தை, மூணு வயசுல நான் அழுதேனாமே?"

"அழுதா பரவாயில்லையே. நக்குன மிட்டாயை என் லென்ஸ்ல தேச்சுவிட்டே. மூணு நாள் துடைச்சேன்."

"இந்தத் தடவை முழுசா தின்னுருவேன். தேய்க்க மிச்சம் இருக்காது."

"ஆயிரம் வருஷ மிட்டாயை ஒரே நாள்ல தின்னா வயித்தை வலிக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாலாம் படியில நிக்க முடியலைன்னா? அம்மா பின்னாடி இருந்து பிடிச்சுக்கிட்டா, அம்மா கை படத்துல தெரியுமா?"

"தெரியாம எடுக்கத்தானே நான் இருக்கேன்."

"தலையை வெட்டிராதீங்க. அப்பா போன்ல எடுத்தா எப்பவும் தலையை வெட்டிருவாரு."

சினாட்சு சிரித்தாள். நானும் சிரித்தேன். சுவரில் அந்த உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி மதியம் போன் வந்தது.

"குரோசே அக்கா, ஒம்பதாம் தேதி நாங்க வரல. கடைசி நேரத்துல சொல்றேன், மன்னிச்சிருங்க. உங்களுக்கு அந்த நேரம் வீணாப் போயிரும்."

"மியோரிக்கு எப்படி..."

"இன்னிக்கு விடியறப்போ," என்றாள். பிறகு மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

எனக்கு அது நாற்பத்து நான்காம் நாள்.

ஒன்பதாம் தேதி காலை சாமி மாடத்து வெள்ளைத்தாளைக் கிழித்தேன். கேமராப் பையை ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, கை பழக்கம். தோரி வாசலில் குனிந்தேன், ஓரமாகவே நடந்தேன், கையும் வாயும் கழுவினேன். ஒகிதா ஐயா முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ரெண்டு மாசமா ஆளைக் காணோம்? உடம்பு சரியில்லையா?"

"அப்பா தவறிட்டாருங்கய்யா. நேத்தோட அம்பது நாள் முடிஞ்சுது. அதான் உள்ள வரல."

அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். அந்தக் குழந்தையைப் பற்றி அவருக்கும் தெரியும். ஒன்பதாம் தேதி காலைக்கு அவளுக்காகப் பூசைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

"அந்தப் பிள்ளை இதுக்காகத்தான் காத்திருந்துச்சா?"

"ஆமாங்கய்யா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. தவிர்க்க முடியாத காரியம்னா வாசலுக்கு வெளியவே நிக்கவச்சு, தீட்டுச் சுத்தி பண்ணி உள்ள விட்டுருவோம். பத்து நிமிஷ வேலை. போன வருஷம் துக்கத்துல இருந்த தச்சருக்குக்கூடப் பண்ணினேனே."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தத்தோடுதான் சொன்னார். இருபத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் முறை சொன்னவள் நான். எனக்குத் தெரியாத முறை ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைவிட, ஒரு சலுகை கேட்டு அவர் முன்னால் நிற்க எனக்கு மனம் வந்திருக்காது. முடியாது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.

இறங்கி வரும்போது தோரி வாசலுக்கு வெளியே சினாட்சு நிற்பதைப் பார்த்தேன். கறுப்பு உடுப்பு. கையில் ஒரு காகிதப் பை. இன்று தீட்டு அவளுக்கு, உள்ளே வர முடியாது. குறித்த நேரத்துக்குச் சரியாக வந்திருந்தாள்.

நான் வாசலுக்கு உள்ளேயே நின்றேன். அவளிடம் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று பட்டது.

"சினாட்சு, பூசாரி இப்பதான் சொன்னாரு. நான் கேட்டிருந்தா சுத்தி பண்ணி உள்ள விட்டிருப்பாராம். அக்டோபர்லயே எடுத்திருக்கலாம். நான் கேக்கல. மாகியையும் உன்னைக் கூப்பிட விடல. எல்லாம் நான்தான்."

அவள் காகிதப் பையை மறு கைக்கு மாற்றினாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க சொன்ன அடுத்த வாரமே பூசாரி வீட்டம்மாவை ஆலைக் கடையில பாத்தேன். பேச்சோட பேச்சா அப்படி ஒரு வழி இருக்குன்னு சொன்னாங்க. உங்க கடை வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். நீங்க ஒரு தடவை முடியாதுன்னு சொன்ன பிறகு, உங்களுக்கே முறை சொல்லித்தர்ற மாதிரி ஆயிருமோன்னு கூச்சமா இருந்துச்சு. துக்க வீட்டுல வந்து நச்சரிக்கிறோமேன்னு இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

என் கதவுக்கு வெளியே ஒருத்தி கூச்சத்தோடு நின்றிருக்கிறாள், உள்ளே ஒருத்தி கர்வத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் ஒரு குழந்தைக்கு நாள் குறைந்துகொண்டே போயிருக்கிறது.

"ஏழு வயசுல வந்து, இனிமே இவ எங்க பிள்ளைன்னு கேட்டு வாங்கிட்டுப் போகணும்னு சொல்வாங்களே," என்றாள். "நாங்க வாங்கவே வரலையே அக்கா. சாமி தன்னோடதைத் தானே எடுத்துக்கிட்டாரு. யாரைக் கேக்குறது?"

அப்போதுதான் அவள் அழுதாள். நான் ஓர் அடி முன்னால் வைத்தால் அவளைத் தொட்டிருக்கலாம். வைத்தேன். தோரி வாசலைத் தாண்டிப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து வணங்கிவிட்டு வெளியே வர மறந்துபோனது, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

அழுது முடித்ததும் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"கேமரா கொண்டுவந்திருக்கீங்களா?"

"இருக்கு."

"நாலாம் படியை எடுத்துத் தர்றீங்களா? நான் உள்ள வர முடியாது."

பையை நீட்டினாள். உள்ளே மிட்டாய்ப் பொட்டலம் என்று நினைத்தேன். அதுதான்.

"இதைப் படியில வச்சு எடுக்கலாமா? வேண்டாம்னா வைக்காதீங்க. துக்க வீட்டுப் பொருள்."

"படியை மட்டும் எடுக்கிறேன். இதை நீயே வச்சுக்க," என்றேன். அதைக்கூட முறைப்படிதான் சொன்னேன். வாய் திருந்தவில்லை.

மறுபடி குனிந்து உள்ளே போனேன். இரண்டு தடவை வணங்கி, இரண்டு தடவை கை தட்டி, இன்னொரு தடவை வணங்கி அனுமதி கேட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். பாதையின் ஓரத்தில் மண்டியிட்டேன். கேமரா முக்காலியைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்கினேன். நாலாம் படியில் வெயில் விழுந்திருந்தது. படியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம்வரை ஒன்றுமில்லாத இடம். அதற்கு மேலே, கூரை விளிம்பு இடிக்காமல், ஒரு சாண் இடம் விட்டேன். மூன்று தடவை அழுத்தினேன். மூன்று தடவையும், "இங்க பாரு" என்று என் வாய் தானாகச் சொன்னது.

வெளியே வந்து கேமராவின் பின்பக்கத் திரையை அவளிடம் காட்டினேன். வெயிலுக்குக் கையை மறைவாகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கல்படி, இரண்டு பக்கமும் மரத்தூண், நடுவில் வெற்றிடம்.

"தலை வெட்டுப்படலையே?" என்றாள்.

"இல்ல. முழுசா இருக்கு. மேல கொஞ்சம் இடமும் விட்டிருக்கேன்."

"என் கை?"

"தெரியல," என்றேன்.