மீன் இருந்த கை

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் மத்தியானம் அம்மா பக்கத்தில் படுத்து மீனைத் தேடுவேன். அம்மாவின் வலது முன்கையில் இருக்கும் தீக்காயத் தழும்புக்கு நான் சின்ன வயதில் வைத்த பெயர் அது. வால் உண்டு, துடுப்பு உண்டு, கண் மட்டும் இல்லை. அந்த வழவழப்பைத் தடவிக்கொண்டேதான் தூங்கப் பழகினேன்.

அன்றைக்கு அம்மா இடது கையை நீட்டினாள்.

"இது இல்லம்மா. மீன் எங்க?"

"மீன் தூங்குது. நீயும் தூங்கு."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டையை அவள் வீட்டிலும் கழற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மீன் பிறந்தது ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் என்னையும் அங்கே கூட்டிப்போவாள். சூடான படுக்கை விரிப்புகள் குவிந்த தள்ளுவண்டிக்குள் என்னை உட்காரவைப்பாள். அந்தச் சூட்டையும் சோப்பு வாசனையையும் இன்றைக்கு நினைத்தாலும் கண் சொக்கும். துணி தேய்க்கும் நீராவி பிரஸ்ஸின் மேல்தட்டு தானாக இறங்குகிறது என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும் மேனேஜர் அசையவில்லை. ஒருநாள் அது அவள் கை மேல் இறங்கியது. அதன்பிறகு அந்த ஆள் செய்ததெல்லாம், விருந்தாளிகள் கண்ணில் தழும்பு படக்கூடாது என்று முழுக்கைச் சட்டை கொடுத்ததுதான். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சட்டைக் கையை நானே மடித்தேன். மீனின் வயிற்றில் புண். ஓரம் தடித்திருந்தது, நடுவில் ஈரம்.

"எத்தனை நாளா?"

"சட்டை உரசுதுடி. ஆறும், மறுபடி வரும்."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"நீ போன தடவை வந்துட்டுப் போனதுலேர்ந்து."

அரை வருஷம்! போனை எடுத்துத் தேடினேன். தோல் புற்றுநோய் யாருக்கு வரலாம் என்று ஒரு பட்டியல். வெளிறிய தோல், செம்பட்டை முடி, கடற்கரையில் வெயில் காயும் பழக்கம். எங்கள் வம்சத்தில் வெயிலில் காய்ந்தது துணி மட்டும்தான். மூடப்போனேன். கடைசி வரியில் இருந்தது: பழைய தீக்காயத் தழும்பு, அதில் ஆறாத புண்.

வாசித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள். "அதெல்லாம் வெள்ளைத் தோலுக்கு வர்றது. நம்மது எருமைத் தோலு. பட்டம் வாங்கினா டாக்டர் ஆயிடுவியா? கணக்குதானடி படிச்ச? கணக்கைப் பாரு."

"பாத்துட்டேன். இருபது வருஷத் தழும்பு, அரை வருஷப் புண். கூட்டியாச்சு. கிளம்பு."

டாக்டரம்மா ஒரு துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய்தான். அக்குள் வரை பரவவில்லை. தழும்போடு சேர்த்து வெட்டியெடுத்து, தொடைத் தோலை வைத்து மூட வேண்டும் என்றார்.

"நமக்கு வராதுன்னு சொல்வாங்களே?" என்றாள் அம்மா.

"கறுப்புத் தோல் வெயிலைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். பழைய தழும்பு, உள்ளங்கால், நகத்துக்கு அடியில, இங்கெல்லாம் வரும். அங்கதான் நாம பாக்கவே மாட்டோம்."

அம்மா தழும்பின் ஓரத்தைத் தடவினாள். "வாலையாவது விட்டுவைக்க முடியாதாம்மா?"

"என்ன வால்?"

நான் அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பஸ்ஸில் கேட்டேன். "கை பெருசா, வால் பெருசா?"

"நீ தூங்குறப்ப தேடுவியேடி."

"எனக்கென்ன மூணு வயசா? மொத்தமா வெட்டித் தூக்கிப் போடச் சொல்லு!"

கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மொத்தமாகவே வெட்டினார்கள். வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமில்லை, ஆனால் சில வருஷங்களுக்கு விடாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மத்தியானம், கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துவிட்டு அம்மா இடது கையை நீட்டினாள்.

"இதுல ஒண்ணும் இல்லடி. வெறும் கை."

"ஒண்ணும் இல்லாததுதான் வேணும்."

முழங்கையிலிருந்து நகம் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரலிடுக்கையும் விடவில்லை.

"என்னடி, போலீஸ் சோதனையா?"

"ஆமா. அடுத்து கால். நீட்டு."

"ஐயோ, கூசுதுடி! விடுடி!"

உள்ளங்காலில் ஒன்றுமில்லை. வழவழப்பும் இல்லை, ஒரே வெடிப்பு. இருந்தாலும் அதைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன்.