கிளச்சை எரித்தவன்

எரிந்த கிளச்சின் நாற்றத்தை முகர்ந்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. முடி பொசுங்கிய வாடையும் ரப்பர் கருகிய வாடையும் சேர்ந்து தொண்டையில் அப்பிக்கொள்ளும். இருபது வருஷமாக லாரிகளுக்கு அடியில் படுத்து எழுகிறேன். இன்னும் அது எனக்குப் பழகவில்லை. முதலில் குமட்டும், பிறகு கோபம் வரும், கோபத்தில் டிரைவர்களைத் திட்டுவேன்.

அந்தச் சனிக்கிழமை பொன்னுதுரையின் உப்பு லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்து, துறைமுக ரோட்டில் இருக்கும் என் பட்டறை வாசலில் விட்டார்கள். ஆறுமுகநேரியிலிருந்து உப்பு ஏற்றி வரும்போது ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் புகை கிளம்பி நின்றுவிட்டதாம். மூட்டைகளை வேறு லாரிக்கு மாற்றிவிட்டார்கள். நாற்றத்தை மட்டும் எனக்கு அனுப்பிவிட்டார்கள். முதலாளி பொன்னுதுரை பின்னாலேயே காரில் வந்து இறங்கினார். டிரைவர் சிலுவை டயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடற்கரைக்காரன், சங்கு குளிக்கிறவர் மகன், அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"ஏலே, கிளச்சு பெடலு என்ன, ஒங்கப்பன் தோணிப் பலகையா? எந்நேரமும் கால அதுலயே வச்சுக்கிட்டு ஓட்டுனா எரியாம என்னல செய்யும்?" என்றேன். அதுவரை நான் லாரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நான் அப்படி ஓட்டுறவன் இல்ல அண்ணாச்சி. ரெண்டு மூணு வாரமாவே ஏத்தத்துல இழுவ கொறவாத்தான் இருந்திச்சு."

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்லுதான்."

பொன்னுதுரை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அவுத்துப் பாரும்வே வன்னியபெருமாள். இவன் புதுத் துறைமுகத்துல டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். திங்கக்கெழம இண்டர்வியூ. வண்டிய ஒழுங்கா வச்சிருந்தான்னு நான் கைப்பட எழுதிக் குடுக்கணுமாம். கிளச்ச எரிச்சவனுக்கு நான் எப்படி எழுதுவேன்? நீரு பாத்துச் சொல்லும். நீரு சொன்னாச் சரி."

அவர் ரோட்டுக்கு எதிரே இருந்த கலர் சோடாக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சாமான்களைக் கழுவ மண்ணெண்ணெய் வாங்கி வரச் சிலுவையை அனுப்பினேன். ஒன்பது வருஷமாக உப்பு லாரி ஓட்டி முதுகு வளைந்தவன். துறைமுக வேலை கிடைத்தால் மாதச் சம்பளம், குடியிருக்க வீடு. அது எனக்கும் தெரியும்.

வழக்கம்போல முதலில் பெடலைக் கையால் அழுத்தினேன். முதல் ஓர் அங்குலம் அது சும்மா போக வேண்டும். அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால், டிரைவர் கால் வைக்காமலேயே கிளச் பாதி அழுந்தியபடி இருக்கும். பிளேட் வழுக்கி வழுக்கிச் சூடேறும். இதில் தளர்ச்சி துளியும் இல்லை. அடியில் புகுந்து பார்த்தேன். பெடலையும் கிளச்சையும் இணைக்கும் ராடில், தளர்ச்சியைக் கூட்டிக் குறைக்கும் நட்டை மரை முடியும் மட்டும் யாரோ திருகி வைத்திருந்தார்கள். பிளேட் தேயத் தேயத் தளர்ச்சி குறையும்தான். ஆனால் நட்டு தானாக நடந்துபோய் அங்கே உட்காராது.

யாரோ இல்லை, நான்தான். மூன்று வாரத்துக்கு முன்னால், கியர் விழமாட்டேன் என்கிறது என்று சிலுவை வந்தான். உடன்குடியில் மச்சினன் வீட்டுக் கல்யாணம், எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நட்டை இறுக்கித் திருகி, "சரியாயிட்டு, போலே" என்று அனுப்பினேன். பெடலை ஒரு தடவை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை.

பொன்னுதுரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். கியர்பாக்ஸை இறக்க வேண்டுமென்றால் அந்த ராடை எப்படியும் கழற்றத்தானே வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கழற்றினேன். நட்டு உள்ளங்கையில் விழுந்தது. இனி அது எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரணமாக அதைச் சாமான் டப்பாவில் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

சிலுவை வந்ததும் இரண்டு பேருமாகக் கியர்பாக்ஸை இறக்கினோம். பிளேட் ஆணி தெரிய எரிந்திருந்தது. பிளேட் உரசும் ஃப்ளைவீலில் சூட்டால் நீலம் பாய்ந்து மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. பேரிங்கின் கிரீஸ் உருகிக் கருந்தாராக வழிந்திருந்தது. எதையும் மிச்சம் வைக்காமல் எரித்திருந்தேன்.

சிலுவை அந்தப் பிளேட்டை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"ஒருவேள எனக்கே தெரியாம கால வச்சிருப்பனோ அண்ணாச்சி? நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

நான் தடுப்பதற்குள் ரோட்டைக் கடந்து போய், "நான்தான் எரிச்சிட்டேன் மொதலாளி" என்று பொன்னுதுரையிடம் சொல்லிவிட்டான். செய்யாத தப்பை ஒருவன் என் வாய்ச்சொல்லை நம்பித் தன் காலில் தேடிக்கொண்டிருந்தான். நானும் ஓடினேன்.

"அண்ணாச்சி, அவன் இல்ல. நான்தான் நட்ட மரை முடியத் திருகி வச்சிருந்தேன். தப்பு என்னோடது."

"எங்க, காட்டும்."

"கழட்டிட்டேன். டப்பாவுல கெடக்கு."

பொன்னுதுரை சிரித்தார். "வே, உம்ம கைபட்ட வண்டி என்னைக்காவது நின்னிருக்கா? ஏழப் பய பொழப்பு போயிருமேன்னு உம்ம பேரக் கெடுத்துக்கிடப் பாக்கீரு. அதுக்காவ நான் பொய்யா எழுத முடியுமா? ஏலே சிலுவை, இந்த மனுசன நல்லாப் பாத்துக்கோ."

காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சிலுவை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒங்க மனசு யாருக்கு அண்ணாச்சி வரும்?"

"ஏலே, சத்தியமாச் சொல்லுதேன். நான்தாம்ல எரிச்சேன்!" என்று கத்தினேன்.

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து கும்பிட்டான்.