பேர் சொல்லாத பிரசங்கம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை திருட்டுச் சரக்கு. சித்தூரிலிருந்து புத்தூர் போகிற பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசியதை ஒட்டுக்கேட்டேன். கார்வேட்டிநகரம் வந்ததும் பாவிகள் முடிவைச் சொல்லாமலேயே இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சத்தை நான்தான் சமைத்தாக வேண்டும்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: ‘காணாமற்போன ஆட்டைத் தேடி மேய்ப்பர் காடு மேடெல்லாம்—’

அட, வேண்டாம். இந்தக் கதையில் ஆடு தானாகக் காணாமல் போகவில்லை. மேய்ப்பர்தான் விரட்டினார்.

2

மேய்ப்பரின் பெயர் பழனி. (பாஸ்டருக்குப் பழனி என்று பெயரா என்பீர்கள். நானும் மாற்றிப் பார்த்தேன், ஆள் மசியவில்லை. ஞானஸ்நானம் எடுத்தபோதே, “பேரை மாத்தினா ஆதார்ல இருந்து எல்லாத்தையும் மாத்தணும். மனசை மாத்திக்கிறேன், அது சுலபம்” என்றவராம். சுலபமில்லை என்று பிறகு தெரிந்தது.)

கார்வேட்டிநகரத்தில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை அவருடையது. பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. பாஸ்டர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார். பக்கத்தில் நிற்கும் கன்னையா அதையே தெலுங்கில் சொல்வார்.

பழனி தங்கமான மனிதர். யாருக்காவது காய்ச்சல் என்றால் மாத்திரைக்கு முன்னால் அவர் பைக் வந்து நிற்கும். [இங்கே பேனாவை வைத்துவிட்டேன். இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு என்னத்தைக் கதை எழுதுவது? நல்லவேளை, ஒரு கெட்ட பழக்கம் அகப்பட்டது.] யாரையும் நேரில் கண்டிக்க அவருக்குத் தைரியம் வராது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், பேர் சொல்லாமல் ஒரு குத்து குத்துவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குத்து, தாமதமாக வருகிறவர்களுக்கு.

“சிலர் இருக்காங்க. அவங்களுக்கு அடுப்புதான் முன்னால, ஆண்டவர் பின்னால.”

கன்னையா தெலுங்கில் கணீரென்று ஆரம்பித்தார்: “மன ரத்னம்மா லாண்டிவாள்ளு...” நம்ம ரத்னம்மா மாதிரி ஆளுங்க!

ரத்னம்மாவுக்கு பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை. காலைத் திருப்பதி பஸ் கிளம்பின பிறகுதான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார். அன்றைக்கும் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றியதை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்ததும் பழனி குதித்தார். “யோவ், நான் பேரு சொன்னேனா?”

“நீங்க யாரைச் சொல்றீங்கன்னு தமிழ்க்காரங்க அத்தினி பேருக்கும் தெரியும் பாஸ்டரய்யா. தெலுங்குக்காரங்க மட்டும் இன்னா பாவம் பண்ணாங்க?”

 

3

பழனி நேரில் போயிருக்க வேண்டும். போனவர் அவர் மனைவி கல்பனா. டீயும் சேதியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

“இனிமே எந்த சபைக்கும் வரமாட்டாங்களாம். ‘எனக்கு அடுப்பே போதும், உங்க பாஸ்டரய்யாவுக்குச் சொல்லிடு’ன்னாங்க.”

பழனி புலம்பினார்: ஆத்துமாவைக் காக்க வந்தவன் கையாலேயே ஒரு ஆத்துமா போச்சே! அப்போதும் புத்தி எங்கே போகிறது பாருங்கள்: “வர்ற ஞாயித்துக்கிழமை மன்னிப்பைப் பத்திப் பிரசங்கம் வெச்சிடறேன். பொதுவா.”

“வெய்யுங்க. அதுக்கும் கன்னையா பேரு சேர்ப்பாரு,” என்றார் கல்பனா.

அந்த ஞாயிறு திருவிருந்து, சபையே அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்துகொள்ளும் நாள். பழனி அப்பத்தை எடுத்தார். அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

“எல்லாரும் பாடிக்கினு இருங்க. நான் ஒருத்தங்க கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்.”

கன்னையா மொழிபெயர்க்க வாயைத் திறந்தார்.

“சும்மா இருய்யா. நீயும் வா. திட்டினது ரெண்டு பாஷையில இல்ல?”

4

‘வானத்தில் மேகங்கள் கருணையோடு—’ (அடித்துவிட்டேன். இட்லிக்கடை முன்னால் எவன் வானத்தைப் பார்த்தான்?)

திருப்பதி பஸ் அன்றைக்கென்று இன்னும் கிளம்பவில்லை. கடையைச் சுற்றிக் கூட்டம். அத்தனை பேர் முன்னாலும் பழனி கைகூப்பினார்.

“யக்கா, தப்பு பண்ணிட்டேன். நேர்ல பேசத் துப்பில்லாம மேடையில பேசினேன். நீ ஒழைக்கிற அடுப்பைக் கேவலமா சொல்லிட்டேன்.”

கன்னையா பழக்கதோஷத்தில் அதைத் தெலுங்கில் சொல்லி, கடைசியில் தன் தப்பையும் சேர்த்துக்கொண்டார். கூட்டம் இட்லியை வாயருகே வைத்தபடி நின்றது.

ரத்னம்மா இரண்டு தட்டில் ஆவி பறக்க இட்லி வைத்து நீட்டினார்.

“ஆளுக்கு ரெண்டு துன்னுங்க. அப்பறம் பேசலாம்.”

(குறிப்பு: அந்தச் சபையில் திருவிருந்து முடிகிறவரை பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படக்கூடாது. ரத்னம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும்.)

தின்றால் இன்றைக்குப் பழனியே திருவிருந்து எடுக்க முடியாது. தின்னாவிட்டால் இன்னொருமுறை அந்த அடுப்பைத் தள்ளிவைத்த மாதிரி. ரத்னம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

இரண்டு முடிவு எழுதினேன். முதலாவதில் பழனி பக்குவமாக மறுக்கிறார், ரத்னம்மா புரிந்துகொள்கிறார். பொய்! கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் ருசித்துத் தின்கிறார், சபையில் ஒரு வருஷம் பஞ்சாயத்து நடக்கிறது. இதுதான் சரியென்று தோன்றியது. சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன்: ‘பழனி இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, வாயருகே கொண்டு—’

ரத்னம்மா வெடுக்கென்று அவர் கையைப் பிடித்துவிட்டார்.

“போதும் பாஸ்டரய்யா, கீழ வையி. துன்னுவியா மாட்டியான்னு பார்த்தேன்.” சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. “நானும் காலையில இருந்து ஒண்ணும் துன்னல.”

திருவிருந்துக்கு வருகிறவர்தானே வெறும் வயிற்றோடு இருப்பார்? அது புரிந்ததும் பழனி சின்னப் பிள்ளைபோல விசும்பினார். கன்னையாவுக்கு, பாவம், எந்தப் பாஷையும் வரவில்லை.

அப்போது பஸ்காரர் ஹாரன் அடித்தார். இன்னும் பத்துப் பேருக்குப் பசி. ரத்னம்மா வேகவேகமாக இட்லியை எடுக்க, கன்னையா இலை போட, பழனி முழுக்கையை மடித்துவிட்டுச் சட்னி வாளியைத் தூக்கினார்.

அங்கே சபை பாடிக்கொண்டிருக்கிறது. அப்பம் மேசையில் இருக்கிறது. இவர்கள் எப்போது போய்ச் சேர்ந்தார்கள், வாசலில் யார் முதலில் நுழைந்தார்கள் என்பதெல்லாம் உங்கள் பாடு, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்டர் சட்னி ஊற்றிக்கொண்டிருக்கிறார். முகத்தில் அத்தனை சந்தோஷம். கதைக்கு முடிவு வேண்டுமென்று அவரை நடுவில் இழுத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.